இரண்டில் ஒரு லிப்ரெட்டோ

கூடுவாஞ்சேரியில் ஏறும்போதே ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது, சனிக்கிழமை என்பதால் இருக்கும். ஞானசிகாமணி பையை மடியில் வைத்து இடது கையால் அணைத்துக்கொண்டு வலது கையைப் பைக்கு அடியில் செருகிக்கொண்டார். தொடைக்கும் பைக்கும் நடுவே அழுந்திக் கிடந்தால் அந்தக் கை சும்மா இருக்கும், சும்மா இருக்கும்போது அது பழைய கைதான், இத்தனை வருஷமாகக் கூடவே வந்த கை, அதன்மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பைக்குள் பூத்துவாலையில் சுற்றி லிப்ரெட்டோ இருந்தது. வீடியோ கேசட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான், ஆனால் முழுதாக ஒரு கம்ப்யூட்டர், மூடியைத் திறந்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, விரல் நகம் அளவில் வரிசை வரிசையாக எழுத்துச் சாவிகள், தொண்ணூறுகளில் ஜப்பான்காரர்கள் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அலைந்த சாமான். இப்போது அதற்கு உயிர் இல்லை. உள்ளே மதர்போர்டில் ஒட்டியிருந்த சின்ன பேட்டரி வயதாகிக் கசிந்து செம்புக் கோடுகளை அரித்துப் பச்சை பூத்துவிட்டது. திரை மட்டும் நன்றாக இருக்கிறது. சேத்துப்பட்டில் வல்லி என்று ஒரு அம்மாள், அவரிடமும் இதே மாதிரி ஒன்று, அதில் போர்டு நன்றாக இருக்கிறது, திரை போய்விட்டது. பழைய குட்டிக் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாகக் கூடியிருக்கிறார்கள், அங்கே இவர் தன் சங்கடத்தை எழுதியபோது ஜெர்மனியிலிருந்து ஒருவர் அனுதாபம் சொன்னார், ஒசாகாவிலிருந்து ஒருவர் படம் கேட்டார், வல்லிதான் தமிழிலேயே எழுதினார், நானும் சென்னைதான் சார், உங்க திரையும் என் போர்டும் சேர்ந்தா ஒண்ணு ஓடும், ஒரு சனிக்கிழமை வாங்க. ஒண்ணு ஓடும். அந்த ஒண்ணு யாருக்கு என்று அவரும் எழுதவில்லை, இவரும் கேட்கவில்லை.

திரைதானே முகம், என்று வண்டலூர் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தார். முகம் என்னுடையதென்றால் ஆள் என்னுடைய ஆள்தான், உள்ளே போர்டு யாருடையதாக இருந்தால் என்ன, கிட்னி மாற்றினவன் கிட்னி கொடுத்தவனாக ஆகிவிடுகிறானா. ஆனால் அந்த அம்மாளும் இப்போது சேத்துப்பட்டில் உட்கார்ந்துகொண்டு உயிர்தானே பெரிசு, உயிர் என்னோடது, மேலே மாட்டுகிற கண்ணாடி யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டில், அவர் மேசைமேல், அவர் போட்டுக் கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டு எனக்குத்தான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது. சொல்லத்தான் வேண்டும். அகிஹபாரா எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியில் ஒரு குறுகலான மாடிக்கடையில் அதை முதலில் பார்த்த நாளை அவரிடம் சொல்லலாமா, கடைக்காரன் பேச்சே இல்லாமல் உள்ளங்கையில் வைத்து மூடியைத் திறந்து காட்டினான், மேகம் மிதக்கிற நீலத் திரை, முழு விண்டோஸும் அந்த உள்ளங்கைக்குள், இவர் அன்று அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றார், எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. கவாசாகி நகரத்தில் ஒப்பந்த வேலை, கம்பெனி விடுதியில் ஒரு அறை, சுவர் மெல்லிசு, பக்கத்து அறைக்காரன் தும்மினால் இங்கே கேட்கும், ஆனால் அவன் முகத்தை இவர் இரண்டு தடவைக்குமேல் பார்த்ததில்லை. காலையில் ரயில் நெரிசலில் நின்றபடியே லிப்ரெட்டோவைத் திறப்பார். அதற்கென்று ஒரு பிடி உண்டு, திரைக்கு வலப்பக்கம் ஒரு சின்ன ரப்பர் குமிழ், கட்டைவிரல் அதன்மேல், மற்ற விரல்கள் மூடியின் முதுகில், அங்கேதான் அழுத்துகிற பொத்தான்கள், ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டே அந்தக் குமிழைத் தள்ளினால் அம்புக்குறி நினைத்த இடத்துக்குப் போகும். ஒரு புள்ளி அளவுக்கு அசைக்கச் சொன்னால் ஒரு புள்ளி அசையும். எல்லாரும் தூங்கி வழிந்துகொண்டு நிற்க, இவர் மட்டும் உள்ளங்கையில் ஒரு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவும் தனிமைதான். ஆனால் அன்றைக்கு ஊரில் ரூபாவதி இருந்தாள், கைக்குழந்தையாக பியூலா இருந்தாள், திரும்பிப் போக ஒரு மாதம், ஒரு தேதி இருந்தது, அந்தத் தனிமைக்கு ஒரு கரை தெரிந்தது.

தாம்பரத்தில் கூட்டம் ஏறியது. எதிரே வந்து உட்கார்ந்த பெண் கொய்யாப்பழக் கூடையைக் காலடியில் வைத்தாள், வாசனை பெட்டி முழுக்கப் பரவியது, அவள் இவர் மடியைப் பார்த்தாள், பையைத்தான் பார்த்தாளா, பைக்கு அடியில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாளா, இல்லை, ஜன்னலைப் பார்க்கிறாள். போன வருஷம் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. சாயங்காலம் வேலை ஒன்றுமில்லாமல் லிப்ரெட்டோவைத் திறந்துவைத்து அதில் இருந்த சீட்டாட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார், அம்புக்குறி நிற்கவில்லை. ஒரு சீட்டின்மேல் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கேயே மெல்ல நடுங்கியது, குளிரில் நிற்கிற பூனைக்குட்டி மாதிரி. குமிழ் தேய்ந்துவிட்டது என்று நினைத்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், ரப்பர் தொப்பியைக் கழற்றி வேறு மாட்டினார், ஒசாகாக்காரரிடம் எழுதிக் கேட்டார், அவரும் சில சமயம் அப்படி ஆகும், கொஞ்சநேரம் தொடாமல் விட்டால் சரியாகிவிடும் என்றார். தொடாமல் விட்டால் சரியாகத்தான் இருந்தது. கை வைத்தால்தான் நடுங்கியது. அதற்கப்புறம் ஒருநாள் மருந்துக்கடையில் கையெழுத்துப் போடும்போது பேனா முனை தாளில் இரண்டு மூன்று தடவை தட்டியது, டொக் டொக் என்று, கடைக்காரப் பையன் நிமிர்ந்து பார்த்தான். காப்பி சூடாக இருந்ததால் டம்ளர் ஆடியது. பனிக்காலம் என்பதால் சவரம் செய்யும்போது கத்தி ஆடியது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது, ஆதாரம் என்று இருந்தது அந்த அம்புக்குறி ஒன்றுதான், அதுவும் மிஷின் கோளாறா கைக் கோளாறா என்று முடிவாகத் தெரிவதற்குள் மிஷின் செத்துப்போயிற்று. செத்த அன்று மனசுக்குள் எங்கேயோ ஒரு ஓரத்தில் அப்பாடா என்று இருந்ததை அவர் மறக்கவில்லை. பார்த்தாயா, போர்டே அரித்துப் போயிருக்கிறது, அப்புறம் அம்பு எப்படி நிற்கும், என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். இன்றைக்கு நல்ல போர்டு கிடைக்கிறது. நல்ல போர்டில் மாட்டி அம்பு நின்றுவிட்டால் தீர்ந்தது. அதற்காகத்தான் போகிறோமா. இல்லை, மிஷினுக்காகத்தான். இரண்டுக்கும்தான். நின்றுவிட்டால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், தினமும் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்ளலாம், நிற்கிறது, நிற்கிறது என்று. நிற்காவிட்டால். பல்லாவரம். மலையை வெட்டின இடத்தில் தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது, ரயில் அதைத் தாண்டிக்கொண்டு போனது.

பெரியப்பா சாமுவேலுக்குக் கை நடுக்கம் இருந்தது. பாளையங்கோட்டையில் வேதக்கோயிலில் பெரியப்பா திருவிருந்துக்குப் போய் முழங்கால் படியிடும்போது போதகர் ஐயர் மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோலத் திராட்சரசக் கிண்ணத்தை அவர் கையில் கொடுக்கமாட்டார், தானே பிடித்து வாயில் வைத்துச் சாய்ப்பார், குழந்தைக்குப் புகட்டுவதைப்போல. பெரியப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கரும்பலகையில் வட்டம் போட்டால் கவராயம் தோற்றுவிடும், அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கழுத்தை நீட்டி வாங்கிக் குடிப்பார், ஒரு சொட்டு மோவாயில் வழியும். சபை முழுக்க அந்த நேரத்தில் வேறெங்கோ பார்க்கும். அப்படி வேறெங்கோ பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று அப்போது தெரியவில்லை. ஞானசிகாமணி இப்போதெல்லாம் திருவிருந்து ஞாயிறுகளில் எழுந்து போவதில்லை, பெஞ்சிலேயே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார், யாராவது கேட்டால் மனசு சரியில்லை, ஆயத்தமில்லாமல் வாங்கக்கூடாது பாருங்க என்று சொல்ல ஒரு பதிலை வைத்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. ரூபா பக்கத்தில் இருந்திருந்தால் முதல் வாரமே கேட்டிருப்பாள். ரூபா புனேயில் இருக்கிறாள். பியூலாவின் பிரசவத்துக்கென்று போனாள், ஆறு மாதம் என்று சொல்லித்தான் போனாள், குழந்தை நடக்கட்டும் என்றாயிற்று, பியூலா வேலைக்குத் திரும்பட்டும் என்றாயிற்று, ஆள் கிடைக்கட்டும் என்றாயிற்று, இப்போது பையன் பள்ளிக்கூடம் போகிறான், யாரும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை, சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை, தினமும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு போன் பேசுகிறார்கள், என்ன குழம்பு, மாத்திரை போட்டீங்களா, தண்ணீர் மோட்டார் போட்டீங்களா, பேரன் இன்றைக்கு என்ன சொன்னான் தெரியுமா. நாலு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. போனை வைத்தபிறகு வீடு ஒருமாதிரி காதைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், அடுத்து என்ன சத்தம் வரும் என்று, ஒன்றும் வராது, குளிர்சாதனப்பெட்டி ஒருதரம் உறுமும். குளியலறையில் வழுக்கி விழுந்தால் முதலில் யாருக்குத் தெரியும், பால் பாக்கெட் போடுகிறவனுக்கு, அவனும் இரண்டு பாக்கெட் சேர்ந்த பிறகுதான் யோசிப்பான். கையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாள், பியூலா திண்டாடுவாள், மருமகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான், அதனால்தான் சொல்லவில்லை, அப்படித்தான் தனக்குச் சொல்லிவைத்திருந்தார். ஆனால் கிண்டி தாண்டி ரயில் ஆற்றுப்பாலத்தில் தடதடத்துக்கொண்டு போகும்போது அது நிஜமில்லை என்று தோன்றியது. பயம் வேறு. சொன்ன பிறகு அவள், நல்ல டாக்டரா பார்த்துக் காட்டுங்க என்று சொல்லிவிட்டு, பையனுக்குச் சாப்பாடு கொடுக்கணும், வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டால். அதற்கப்புறம் எந்தத் தேதியை நினைத்துக்கொண்டு இருப்பது.

சேத்துப்பட்டில் இறங்கி, வல்லி எழுதியிருந்தபடி மேம்பாலத்துக்குக் கீழே நடந்து, இஸ்திரி வண்டிக்காரரிடம் வழி கேட்டு, பழைய அடுக்குமாடி ஒன்றின் இரண்டாவது மாடிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினார். கதவு அவர் மணியடிப்பதற்கு முன்பே திறந்தது, படியில் காலடி கேட்டிருக்கும். வல்லிக்கு ஐம்பத்தைந்து இருக்கும், நரைத்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

"ஞானசிகாமணி சாரா? வாங்க. செருப்பு உள்ளயே விடலாம், வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும்."

உள்ளே ஒரே ஒரு நாற்காலிதான் கூடத்தில் இருந்தது, இன்னொன்றை இவருக்காகச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்தார் போல, கால்களில் மாவு ஒட்டியிருந்தது. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஸ்க்ரூ போட்டுவைக்க முட்டை அட்டை ஒன்றை வைத்து, ஊசி மாதிரி ஸ்க்ரூ டிரைவர்களை வரிசையாக அடுக்கி, நடுவில் அவருடைய லிப்ரெட்டோ. இவருடையதுபோலவே சாம்பல் நிறம். மூடியைத் திறந்தால் திரையில் ஒரு மூலையிலிருந்து கறுப்பு மை கொட்டினது போலப் பரவியிருந்தது. பீரோ மேலிருந்து விழுந்துவிட்டது என்றார், யார் தவறு என்று சொல்லவில்லை, தனியாக இருக்கிற வீட்டில் அதைச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறார், அதற்கு முன்னால் ஒசாகாவில் இரண்டு வருஷம் படிப்பு.

"மீட்டிங்ல திடீர்னு ஏதாவது ஒரு வார்த்தை வரும் சார். அச்சு வார்க்கறதுல ஒரு பேரு, மெஷின்ல ஒரு பாகம். எனக்குத் தெரியாது. எல்லாரும் என் வாயையே பாத்துட்டு இருப்பாங்க. இதை மேசைக்கு அடியில மடியில வெச்சிருப்பேன். குனியாமலேயே தட்டிப் பாத்துச் சொல்லிடுவேன். இருபது வருஷம் யாருக்கும் தெரியாது, அவ்வளவு சின்னது."

"நான் ரயில்ல நின்னுட்டே பாப்பேன்," என்றார் ஞானசிகாமணி. "நெரிசல்ல."

"எந்த லைன்?"

"நம்பு லைன். கவாசாகில."

வல்லி தலையசைத்தார், அந்த ரயிலின் மஞ்சள் பட்டையை அவரும் பார்த்திருப்பார்போல, இருவரும் ஒரு நிமிஷம் அந்த ரயிலில் நின்றார்கள். பிறகு வல்லி ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். முன்னாடியே எழுதியிருக்கணும். எழுத வரல. சேந்து ஒண்ணு ஓடினா, அதை நான் கொடுக்கறதா இல்ல. உங்களை வரச்சொல்லிட்டு இப்படிச் சொல்றது தப்புதான்."

ஞானசிகாமணிக்கு முதலில் சுருக்கென்றது, அடுத்த நொடி சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நானும் அதே எண்ணத்தோடதாம்மா கிளம்பினேன். வண்டலூர் வரைக்கும் திரைதான் முக்கியம், போர்டு முக்கியமில்லன்னு எனக்குள்ள வாதாடிட்டு வந்தேன்."

வல்லியும் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "சரி, மொதல்ல உயிர் வரட்டும். அப்புறம் சண்டை போடலாம்."

நீங்க கழட்டறீங்களா என்று கேட்டு ஸ்க்ரூ டிரைவரை நீட்டியபோது இவர் வலது கையைப் பையின்மேல் அழுத்திவைத்தபடி, நீங்களே கழட்டுங்க, நான் பக்கத்துல இருந்து சொல்றேன், கண்ணு முன்ன மாதிரி இல்ல என்றார். கண் என்று சொன்னது தனக்கே திருட்டுத்தனமாகப் பட்டது. வல்லி அடியிலிருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து முட்டை அட்டையில் போட்டார், எந்தக் குழியில் எந்த ஸ்க்ரூ என்று முணுமுணுத்துக்கொண்டே. கீபோர்டைத் தூக்கும்போது நாடா கிழிந்துவிடும், முதலில் வெள்ளைப் பூட்டைத் திறங்க என்று இவர் சொன்னார். கீல் இரண்டையும் விடுவித்து மை பரவிய மூடியைக் கழற்றினார்கள், இவர் மிஷினின் மூடியையும் அப்படியே கழற்றினார்கள், மேசைமேல் இரண்டு உடலும் இரண்டு முகமும் தனித்தனியாகக் கிடந்தன, எது யாருடையது என்று ஒரு நொடி இருவருக்குமே குழம்பியது. தெருவில் பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். எத்தனை நாளாயிற்று, ஒருவரோடு ஒரே மேசையில் குனிந்துகொண்டு ஒரு வேலையைச் செய்து, என்று ஞானசிகாமணி நினைத்தார், இன்னொரு ஆள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில், பேசாமல் இருந்தாலும் அந்தப் பேசாமல் இருப்பதில் இரண்டு பேர் இருக்கிற மாதிரி. வேலை முடியாமல் இப்படியே நீளட்டும் என்றுகூட ஒரு ஆசை வந்தது. முடிந்தால் பொத்தானை அழுத்தவேண்டும், அழுத்தினால் அம்பு வரும். குமிழ் மூடியில்தான் இருக்கிறது, மூடி என்னுடையது, அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போர்டை மாற்றினாலும் அதே குமிழ். நல்ல போர்டில் நின்றுவிட்டால் போர்டுதான் காரணம். நிற்காவிட்டால் குமிழ்தான் காரணம் என்று இன்னும் ஒரு சாக்கு பாக்கி இருக்கிறது, அதைப் பத்திரமாகக் கையில் பிடித்துக்கொண்டார்.

வல்லி பொத்தானைத் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சின்னப் பச்சை வெளிச்சம், உள்ளே ஹார்ட் டிஸ்க் தொண்டையைச் செருமிக்கொண்டது, ஒரு பீப், கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின, மேகம் மிதக்கிற நீலம் வந்தது. வல்லி புறங்கையால் கண்ணை ஒருதரம் அழுத்திக்கொண்டு, அவருடைய அகராதியைத் திறந்து ஏதோ ஒரு வார்த்தையைத் தட்டினார், ஜப்பானிய எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன, அவற்றை வாய்க்குள் வாசித்தார், இவர் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோனது தெரிந்தது, அது இவருக்கு வருத்தமாக இல்லை. பிறகு வல்லி வலது கையால் அதைத் தூக்கி அந்தப் பழைய பிடியில் பிடித்தார், கட்டைவிரல் குமிழ்மேல், விரல்கள் முதுகில். அம்புக்குறி திரையின் நடுவே வந்தது. நின்றது. கல்லில் செதுக்கினது போல நின்றது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த ஒரு சாக்கும் கையிலிருந்து நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே குமிழ்தான்.

"பிடிச்சுப் பாருங்க சார்," என்று வல்லி நீட்டினார்.

இடது கையால் வாங்கியிருக்கலாம். மேசைமேல் வைங்க என்று சொல்லியிருக்கலாம். ஞானசிகாமணி வலது கையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார், வாங்கினார், கட்டைவிரலைக் குமிழ்மேல் வைத்தார். அம்பு நடுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார், இன்னும் அதிகமாக நடுங்கியது. முழங்கையை விலாவோடு சேர்த்து அழுத்தினார், அகராதியின் எழுத்துகள்மேல் அம்பு முன்னும் பின்னும் அலைந்தது, எதையோ தேடுகிற மாதிரி. வல்லி திரையைப் பார்த்தார், இவர் கையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

"குமிழ் தேஞ்சுபோயிருக்கும் சார். பழசு இல்லையா."

அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம். ஒரு வருஷமாக அவர் தனக்குச் சொல்லிக்கொண்டதை இன்னொருவர் வாயால் கேட்பது எவ்வளவு இதமாக இருக்கிறது, ஆமாம்மா, பழசு என்று சொன்னால் போதும், டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போய்விடலாம்.

"இல்லம்மா," என்றார். "உங்க கையில நின்னுச்சே."

வல்லி லிப்ரெட்டோவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கித் துணிமேல் வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா."

"வீட்ல தெரியுமா?"

"வீட்ல யாரும் இல்ல. அவ மக வீட்ல இருக்கா. புனேயில."

வல்லி டாக்டர் பெயர் எதுவும் சொல்லவில்லை, யாருக்கோ இப்படி இருந்து சரியான கதை எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். இவருக்கு வைத்த டம்ளரில் பாதிதான் இருந்தது. ஞானசிகாமணிக்கு முதலில் கோபம் வந்தது, அவ்வளவு தூரம் போய்விட்டோமா என்று, பிறகு அதை எடுத்தார், ஆடியது, சிந்தவில்லை, அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாதியைக் குடித்து முடித்ததும் வல்லி கெட்டிலிலிருந்து இன்னொரு பாதியை ஊற்றினார். அதையும் குடித்தார்.

"இது இங்கயே இருக்கட்டும்மா," என்றார் கிளம்பும்போது. "எனக்கு இது என்ன சொல்லணுமோ சொல்லிடுச்சு."

"உங்க திரை சார்."

"இருக்கட்டும்."

வல்லி வற்புறுத்தவில்லை. மிச்சமிருந்த இரண்டையும், இவருடைய செத்த போர்டையும் அவருடைய கறுத்த மூடியையும், ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்கிப் பூத்துவாலையில் சுற்றிக் கொடுத்தார், வாசல்வரை வந்தார், படியில் வெளிச்சம் கம்மி, பார்த்து என்றார். இந்தமுறை இவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பிளாட்பாரத்தில் வெயில் சிமென்டு பெஞ்சின் பாதிவரை ஏறியிருந்தது. நிழலிருந்த பாதியில் ஒரு அம்மாள் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பை போகும்போது இருந்த அதே கனம்தான், ஆனால் அதில் இனி எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. வெளியே எடுத்த வலது கையை மறுபடி பைக்கு அடியில் செருகப் போனவர் அப்படியே முழங்கால்மேல் விட்டுவிட்டார், அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, பின்னல் முடியாத அந்தச் சிறுமி அதையே பார்த்தாள், பார்க்கட்டும் என்று இருந்தது. இப்போது வீட்டுக்குப் போகவேண்டும், பூட்டைத் திறக்கவேண்டும், சாவி துவாரத்தில் நுழையாமல் இரண்டு தடவை உரசும், மதியத்துக்கு மோர் இருக்கிறது, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு போன் வரும், என்ன குழம்பு, மோட்டார் போட்டீங்களா, அதற்குள் இந்தக் காலை நேரம் ஆறிப்போய்விடும், ஆறினதை இன்னொரு வருஷம் மூடி வைத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் சொல்லியாயிற்று. ரூபாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாளோ என்று நினைக்கிறபோது அவள் குரலே மறந்துபோன மாதிரி இருந்தது, தினமும் கேட்கிற குரல், ஆனால் அது மோட்டாரையும் மாத்திரையையும் பற்றிப் பேசுகிற குரல், இதற்கு அவளிடம் எந்தக் குரல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இடது கையால் போனை எடுத்தார். தெரியவில்லை என்பதற்காகத்தானே பேசாமல் இருந்தோம், என்று நினைத்துக்கொண்டே அழுத்திவிட்டார்.

"என்னங்க, இந்த நேரத்துல?" ரூபாவதியின் குரல் உடனே பதறியது. "எங்க இருக்கீங்க? சத்தமா இருக்கே."

"சேத்துப்பட்டு ஸ்டேஷன்ல. ஒண்ணுமில்ல. ஒரு ஆளைப் பாக்க வந்தேன்."

"யாரை? நேத்து சொல்லவே இல்லியே."

"ரூபா," என்றார். நுங்கம்பாக்கம் பக்கமிருந்து ஒரு ரயில் வருவது தெரிந்தது, எழும்பூர் போகிற ரயில், இவருக்கானது இல்லை. "என் வலது கை நடுங்குது. ஒரு வருஷமா. பெரியப்பாவுக்கு இருந்த மாதிரி. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழைந்து எல்லாச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டது. போனைக் காதோடு அழுத்தினார், அந்தப் பக்கம் ஏதோ சொல்கிறாளா, ஒன்றும் சொல்லவில்லையா, தெரியவில்லை. ரயில் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், தலை பின்னி முடித்த அம்மாள் சிறுமியை இழுத்துக்கொண்டு ஓடினாள், ரயில் நகர்ந்து போயிற்று. எதிர்ப்பக்கம் தாம்பரம் வண்டி வந்து நின்றது, அவர் எழுந்துகொள்ளவில்லை. அது போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க? இன்னொருதரம் சொல்லுங்க," என்றாள் ரூபாவதி.

முதல் தடவை எப்படியோ வாயிலிருந்து விழுந்துவிட்டது, இரண்டாவது தடவை அதை எடுத்து வைக்கவேண்டியிருந்தது, ஒவ்வொரு சொல்லாக. "கை நடுங்குது ரூபா. ஒரு வருஷமா," என்றார், பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்திருந்தது. "எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பேரன் பாட்டியைக் கூப்பிடுகிற குரல் கதவுக்கு அப்பால் போய்விட்டது. அவள் ஏதோ ஒரு அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது, மூச்சு மட்டும் கேட்டது, கிட்டத்தில், மேசையின் மறுபக்கத்தில் இருப்பது போல.

"கேட்டிச்சு," என்றாள் ரூபாவதி. "முதல்லயே கேட்டிச்சுங்க."